ஏழாம் நம்பர் மலையில் முளைத்த புல்

அப்பா,

இன்று காலை அம்பிட்டியவில் பஸ்ஸுக்கு நின்றேன். வீதியோரத்துக் கினியாப்புல்லை மெஷினால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை வாசம் மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்ற பெண் நல்ல வாசம் என்றாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உங்கள் சட்டையின் வாசம் அது. நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. நான் இன்னும் அழவில்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஏழாம் நம்பர் மலையில் புதுத் தேயிலை வைத்த வருடம் நினைவிருக்கிறதா? மண்ணின் ஈரம் காக்க, கன்று வரிசைகளுக்கு நடுவே மானாப்புல் வெட்டிப் பரப்புவது நம் தோட்டத்து வழக்கம். மானாப்புல் இருந்தது மலையுச்சியில். ஏறி இறங்கவே அரை நாள் போகும். தோட்டத்தை நடத்தும் துரை பார்வையிட வர மூன்று நாள்தான் இருந்தது. நீங்கள் வேலை வாங்கும் கங்காணி. உங்கள் பிரட்டில் பேர் கொடுத்து வேலைக்கு வந்த பெண்களை உச்சிக்கு அனுப்பாமல், றோட்டோரம் ஆளுயரம் நின்ற கினியாப்புல்லைக் காட்டினீர்கள். அம்மாவும் அந்தப் பெண்களில் ஒருத்தி.

கம்பஸ் லீவில் வந்திருந்த நான் அங்கே வந்தேன். கதிர்கள் முற்றியிருந்தன. அந்தப் புல் ஒரே நாளில் பழுக்காது. நுனி விதை உதிரும்போது அடி விதையில் இன்னும் பால் இருக்கும். வெட்டிப் போட்டாலும் பாதி முளைக்கும். பேசப் பயந்து பயந்து, பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னேன்.

"அப்பா, வெதை கொட்டுது. இத தேயிலைக்குள்ள போட்டா எல்லாம் மொளைச்சிரும்."

நீங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தீர்கள். "பாருங்கடி, நாலு எழுத்து படிச்ச ஒடனே மலைக்கு வேல சொல்ல வந்துட்டா. புல்லுக்கும் சோதனை வைப்பா போல!"

பெண்கள் சிரித்தார்கள். நான் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். ஆனால் லயத்துக்குப் பின்னால் நம் போஞ்சிப் பாத்திக்கு நீங்கள் ஒருநாளும் பூத்த புல்லைப் போட்டதில்லை. "கதிரு தள்ளுறதுக்கு முன்ன வெட்டணும், இல்லாட்டி நமக்கே வென" என்று அம்மாவைத் திட்டியது நீங்கள்தான். வீட்டுப் பாத்திக்குத் தெரிந்த விஷயம் தோட்டத்து மலைக்குத் தெரியாமல் போய்விட்டதா?

மழை வந்தது. அடுத்த லீவுக்கு நான் வந்தபோது ஏழாம் நம்பரில் தேயிலைக் கன்றைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு கினியாப்புல். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குத் துரையே வந்தார். நான் லயத்து மூலையில் நின்று பார்த்தேன்.

"யார் வெட்டின புல்லு கங்காணி?"

நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். கொஞ்சம்கூடத் தயங்காமல் அம்மாவைக் காட்டினீர்கள். "இந்தப் பொம்பள கொண்டாந்த கட்டுங்க தொர. உச்சிக்குப் போகச் சொன்னேன். சோம்பேறி, றோட்டுல வெட்டிட்டா."

இந்தப் பொம்பளை. அம்மா பேர்கூட உங்கள் வாயில் வரவில்லை. வேறு எவளைக் காட்டியிருந்தாலும் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

தண்டனையாக அந்த மலையை அம்மா தனியாகச் சுத்தம் செய்தாள். கினியாப்புல்லை மேலே அறுத்தால் போதாது. தூரோடு தோண்டாவிட்டால் பத்து நாளில் மறுபடி நிற்கும். அவள் உள்ளங்கை முழுக்கப் புல் கிழித்த கீறல். சாப்பாட்டில் உறைப்புப் பட்டு எரியும்போது, "கைய கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு நீங்கள் சாப்பிட்டீர்கள். ஒரு மன்னிப்பு வேண்டாம். அந்தத் தட்டைத் தள்ளி வைத்திருக்கலாம்.

பிறகு அம்மாவுக்கு ஊரில் ஒரே பெயர்தான். "வெதைக்காரி வர்றா, ஒதுங்குங்கடி, மேல பட்டா மொளைச்சிரும்!" கொழுந்து நிறுக்கும் இடத்திலும், கோயில் திருவிழாவிலும். நீங்களும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றீர்கள்.

உங்கள் கருமாதியில் எல்லோரும் நேர்மையான கங்காணி என்றார்கள். நான் பாயசம் பரிமாறினேன்.

இப்போது என் உத்தியோகமே இந்தப் புல்லைக் கட்டுப்படுத்துவதுதான். போன கிழமை ஆபீசில் என்னை நம் தோட்டத்துக்கே அனுப்பினார்கள். அதே பிரட்டுக்களத்தில், எப்போது வெட்ட வேண்டும், ஏன் எரிக்கக் கூடாது என்று பெண்களுக்குச் சொன்னேன். நடுவில் ஒருத்தி, "ஏழாம் நம்பருக்கு வெதை போட்டதே ஒங்கம்மாதானே புள்ள?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கடைசி வரிசையில் நின்றாள்.

"இல்ல. றோட்டுல வெட்டச் சொன்னது எங்கப்பா. வெதை இருக்குன்னு நான் சொன்னேன். தெரிஞ்சேதான் போட்டாரு. அம்மா மேல பொய் சொன்னாரு."

சிரிப்பு நின்றது. ஒரு கிழவி மட்டும், "நானுந்தாண்டி அன்னிக்கு றோட்டுல வெட்டுனேன்" என்று முணுமுணுத்தாள்.

லயத்துக்கு அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். செத்தவரைப் பற்றி அப்படிச் சொன்னதற்குத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வாசலில் நின்று கேட்டாள்:

"அன்னிக்கு நீ லயத்து மூலையில நின்ன. நான் பாத்தேன். அப்ப ஏன் புள்ள சொல்லல?"

அப்பா, உங்கள் மேல் எனக்குள்ள கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. ஆனால் அம்மாவின் அந்தக் கேள்வி உங்களுக்கு இல்லை. எனக்கு.