மே பன்னிரண்டு, பதினொன்றானது

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். ராமநாதபுரத்தில் மூன்று முறை கரண்ட் போனது. நர்சிங் கல்லூரியிலிருந்து மெயில். மாணவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் எங்கள் சென்டர் அனுப்பிய பட்டியலில் நாற்பத்தொரு பேரின் பிறந்த தேதி சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை. பட்டியல் அனுப்பியது நான்.

மதியம் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஓர் அம்மாவும் மகளும். மகள் கம்சிகா. அம்மா சொன்னார்: "பிள்ளை பிறந்தது மே பன்னெண்டு. காலேஜ் லிஸ்ட்டில பதினொண்டு எண்டு கிடக்கு."

சென்டர் முதலாளி: "ஒரு நாள்தானம்மா. பதினொண்ணுன்னே அஃபிடவிட் போட்டுக் குடுத்துருங்க."

"முகாம் பதிவில ஒண்டு, இதில ஒண்டு இருந்தா, பிறகு எங்களை ஆரெண்டு கேப்பினம் தம்பி."

அவர் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டேன். டீ ஆறிப்போனது.

ஜூலை 8, செவ்வாய்
எக்செல்லில் மே 12தான். தட்டச்சில் பிழையில்லை.

பட்டியலில் பாதியைப் பழைய கம்ப்யூட்டரிலும் பாதியைப் புதியதிலும் ஓட்டியிருந்தேன். எக்செல்லைக் கல்லூரிக்கான கோப்பாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றே. அதை ஓட்டும் ஷெல் என்ற மென்பொருள் மட்டும் வேறு வேறு பதிப்பு. புதியது அந்தக் கோப்பில், அதாவது ஜேசானில், 2007-05-12 என்று எழுதுகிறது. பழையது 1178908200000 என்கிறது. 1970 தொடக்கத்திலிருந்து மில்லி விநாடிக் கணக்கு, கிரீன்விச் நேரப்படி. நமக்கு நள்ளிரவு என்றால் அங்கே முந்தின நாள் மாலை ஆறரை. கல்லூரி மென்பொருள் அந்த முந்தின நாளையே எடுத்துக்கொண்டது. நாற்பத்தொரு பேரும் பழைய கம்ப்யூட்டரில் ஓட்டிய பாதியில் இருந்தவர்கள்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காதது நான்.

ஜூலை 9, புதன்
ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி கூடுதல். தேதியை முதலில் எழுத்தாக்கி, பிறகே ஜேசான். இரண்டு கம்ப்யூட்டரிலும் இப்போது ஒரே விடை.

கல்லூரிக்குக் கடிதம்: பிழை எங்களுடையது, விண்ணப்பித்தவர்களுடையது அல்ல.

முதலாளி படித்தார். "சரி பண்ணி அனுப்புனாப் போதாதா? எழுத்துல எதுக்கு?"

"இல்லேன்னா பழி பிள்ளைங்க மேல விழும் சார்."

கையெழுத்துப் போட்டார். முகம் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் என் காண்ட்ராக்ட் முடிகிறது. பார்ப்போம்.

கம்சிகாவின் அம்மாவுக்குப் போன். அஃபிடவிட் வேண்டாம் என்றேன். "வக்கீலிட்டப் போக பஸ் ஏறிட்டம் பிள்ளை." இறங்கச் சொன்னேன். உச்சிப்புளியில் இறங்கினார்களாம்.

ஜூலை 14, திங்கள்
பலத்த காற்று. பாம்பன் பக்கம் படகு போகவில்லை. நகவெட்டி வாங்க வேண்டும். மூன்று மணிக்குக் கம்சிகா போன். நேர்காணல் முடிந்ததாம்.

"பொறந்த தேதி கேட்டாங்கக்கா. பதினொண்ணுன்னு வாயில வந்துருச்சு. அஃபிடவிட் போடப் போறோம்னு அம்மா அப்புடித்தான் சொல்லிப் பழக்கி விட்டுருந்துச்சு."

"அப்புறம்?"

"பன்னெண்டுன்னு திருத்திச் சொன்னேன். நிமிந்து பாத்தாங்க. ஒங்க கடிதாசியப் பாத்தாங்க. எடம் கெடச்சிருச்சுக்கா."

போனை வைத்த பிறகு பட்டியலைத் திறந்தேன். மற்ற நாற்பது பேரின் முகம் எனக்குத் தெரியாது.