சுரங்கத்தின் மறுவாய்

புது தில்லி,
29-11-1976

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு, உங்கள் இளைய மருமகள் வேலம்மாள் கும்பிட்டு எழுதுவது. உங்கள் மூத்த மகன், மாமா, போட்ட கடிதம் போன வாரம் கிடைத்தது. உங்கள் மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று படித்து ஆறுதலாக இருந்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நான் வேலை செய்கிற சரோஜினி நகர் வீட்டுக் காமாக்ஷி அம்மா பழைய ஸ்வெட்டர் ஒன்று கொடுத்தார்கள். எனக்குக் கை நீளம். உங்கள் பிள்ளைக்கு என்றால் அளவாக இருக்கும்.

பூங்கோதைக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நேற்றுவரை மூக்கொழுகிக்கொண்டு திரிந்த கழுதை! அடுத்த வரியில் மாமா எழுதியிருப்பதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தம்பி போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, வருவான் என்று எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது, கருமாதியை முடித்தால்தான் வீட்டில் பந்தக்கால் நடலாம், சம்பந்தி வீட்டிலும் அதையே கேட்கிறார்கள், சரி என்று நீ ஒரு வரி எழுது என்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெண்ணைப் பெற்றவர். ஆனால் அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை அத்தை.

நடந்ததை யாரும் உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. தந்தியில் என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு அவர் கூட இருந்த வடிவேல் ஊருக்கு வந்தபோதும் அழுதானே தவிர விவரம் சொல்லவில்லையாம். நானே எழுதுகிறேன்.

எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் சாணக்யபுரிக் காடு. உள்ளே, அந்தக் காலத்து ராஜா வேட்டைக்கு வந்தால் தங்குவாராம், அப்படி ஒரு இடிந்த மண்டபம். அதன் முதுகுப்பக்கம் முள்ளுப் புதருக்குள் ஒரு பொந்து. குனிந்து நுழைந்தால் கல் படி, படிக்குக் கீழே ஆள் நிமிர்ந்து நடக்கிற சுரங்கம். கண்ட கண்ட ஆண்களைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்கிறார்கள் என்ற பேச்சு வந்த நாள் முதல், ஜீப் சத்தம் கேட்டால் எங்கள் ஆம்பிளைகள் அதற்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். கல்யாணம் ஆகாதவனைக்கூட விடவில்லை என்றார்கள். உங்கள் பிள்ளைக்கு அதுதான் பயம். ஒரு குழந்தை பிறக்கட்டும், அப்புறம் நானே போய்ப் படுத்துக்கொள்கிறேன், அதுவரை எந்த ராஜா வந்தாலும் கிடைக்க மாட்டேன் என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஆவணி பிறந்த புதிது. ஜீப் வந்தது, ஓடினார்கள். கொசு மருந்து அடிக்க வந்த ஜீப் அத்தை! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த ஆட்கள் சாக்கடையெல்லாம் மருந்து அடித்து, என்னிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். வரட்டும் இந்த வீரர்கள், நாலு கேட்கிறேன் என்று சிரித்துக்கொண்டே உலை வைத்தேன்.

உள்ளே நடந்ததை வடிவேல் சொல்லித்தான் தெரியும். இவர் பீடி பற்ற வைத்திருக்கிறார். புகை முகத்திலேயே திரும்பி அடித்திருக்கிறது. கிணறு வெட்டுகிறவன் புத்தி எங்கே போகும்? பார்டா, காத்து வருது, காத்து வந்தா அந்தப் பக்கம் ஒரு வாய் இருக்கணும், எலி மாதிரி இங்கேயே எத்தனை நாள் குந்தியிருக்கிறது, போய்ப் பார்த்துட்டு வரேன் என்று உள்ளே நடந்திருக்கிறார். மேலே மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் இவர்களுக்கும் நடுவே கூரை சரிந்துவிட்டது. வடிவேல் நகம் பெயரப் பெயரத் தோண்டினான். போலீஸ் ஆள் வைத்துத் தோண்டினார்கள். எடுக்க எடுக்க மண் சரிந்தது. கடைசியில் குழந்தைகள் விழுந்துவிடும் என்று சொல்லிப் பொந்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள்.

காற்று வந்ததா இல்லையா? வந்தது என்று வடிவேல் சத்தியம் செய்கிறான். அப்படியானால் வழி இருக்கிறது. அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத பொழுதெல்லாம் தேடினேன்.

பால்காரப் பெரியவர் இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அச்சா, அந்தச் சுரங்கமா, என் தாத்தாவின் ஆடு இங்கே நுழைந்து மெஹ்ரௌலியில் ஒரு சமாதிக்குப் பின்னால் வந்தது என்றார். பஸ் ஏறி மெஹ்ரௌலி போனேன். சமாதிகள் நம் ஊர் மாமரத் தோப்பு மாதிரி எங்கே பார்த்தாலும். எந்தச் சமாதி என்று கேட்பது? அங்கே ஆடு மேய்க்கிற பொம்பிளை, வாய் இங்கே இல்லை, கோட்டைப் பக்கம், ஆக்ராவரை போகிறது, ராணிகள் பல்லக்கில் போவார்கள் என்றாள். கோட்டைப் பக்கம் பீடிக்கடைக்காரர், அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே அடைத்தாகிவிட்டது, எங்கப்பா கண்ணால் பார்த்தார் என்றார். எல்லோருக்கும் ஒரு வாய் தெரியும். எல்லோருக்கும் அப்பாவோ தாத்தாவோ பார்த்திருக்கிறார்கள். உள்ளே போய் வந்தேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. காமாக்ஷி அம்மா வீட்டுக்காரர் நல்ல மாதிரி மனிதர். அம்மா வேலம்மா, அந்தக் காலத்தில் வெயிலுக்கு ஒதுங்க அப்படிக் கட்டுவார்கள், கொஞ்ச தூரத்தோடு முடிந்துவிடும் என்று பக்குவமாகத்தான் சொன்னார். நான் பாத்திரத்தை ணங்கென்று போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போய்த் தேய்த்துக் கொடுத்தேன்.

இதற்கு நடுவில் வடிவேல் சம்சாரம் அருக்காணி வேறு. குழாயடியில் என் நெற்றியைப் பார்ப்பாள், அப்புறம் குடத்தைப் பார்ப்பாள். ஒரு நாள், இன்னும் யாருக்குடி பூ வைக்கிறே என்றே கேட்டுவிட்டாள். உன் புருஷன் அவரை உள்ளே விட்டுட்டு வந்தவன்தானே என்று நானும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வடிவேல் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது, என் வாயையும் மூட முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி இடத்தையும் பார்த்தேன். வண்ணாத்தி ஒருத்தி, படிக்கட்டுக் கிணறு ஒன்று இருக்கிறது, தண்ணீர் வற்றினால் அடிப்படியில் வாசல் தெரியும், எங்க மாமியார் சொல்வார் என்றிருந்தாள். இப்போது வற்றியிருக்கிறது என்று அவளே கூட்டிப் போனாள். பாசியில் வழுக்கி வழுக்கி இறங்கினேன். வாசல் இருந்தது அத்தை. நிஜமாகவே இருந்தது, வளைவு வைத்த வாசல். என்னங்க என்று கூப்பிட்டுக்கொண்டே கையை உள்ளே விட்டேன். முழங்கை போவதற்குள் கல்லில் முட்டியது. தடவிப் பார்த்தேன். ஒரே கல். விளக்கு வைக்கிற மாடமாம் அது. வண்ணாத்தி என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்தக் கல்லில் தலையை முட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

பூங்கோதையைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவர் உங்கள் பிள்ளை. தன்னால் அவள் கல்யாணம் நின்றது என்று இருக்கவே கூடாது. அதனால் எழுதுகிறேன். மாமாவிடம் சொல்லுங்கள், சரி.

காரியத்தை அங்கேயே செய்யுங்கள். மாமாவே செய்யட்டும், அவருக்குத்தான் உரிமை. நல்லபடியாகச் செய்யுங்கள், நாலு பேருக்குச் சோறு போடுங்கள். உங்கள் பிள்ளை பசி தாங்க மாட்டார். ஆனால் எந்தத் தேதி என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன். தெரிந்தால் அன்றைக்கே நான் கழுத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டும், குழாயடியில் இருக்கிற அத்தனை பேரும் வந்து சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். தெரியாவிட்டால் இது பாட்டுக்குக் கிடக்கும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. எந்தக் கோலத்தில் வருவது? பூங்கோதை கேட்டால், சின்னம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். மஞ்சள் குங்குமத்தோடு இரு என்று எல்லோரும் வாழ்த்துவார்கள். என் பங்குக்கு நீங்கள் அவள் தலையில் கை வைத்து இதைச் சொல்லுங்கள் அத்தை. அவள் கட்டிக்கொள்கிறவன் எங்கே போனாலும், பொழுது சாய்ந்ததும் வீடு வந்து சேர்கிறவனாக இருக்கட்டும்.

உங்கள் பிள்ளை கலியன் சம்சாரம்,
வேலம்மாள்