ஒரு மெஷின், இரண்டு பிராசசர், நாம் இருவர்

நேற்று மகளின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய ஒருவர் வந்து, அதன் பக்கத் தகட்டைக் கழற்றினார். சூடேறிய தூசியின் வாடை அறையில் பரவியது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். ஏதும் தவறு செய்துவிட்டோமோ என்று அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன். போன மழைக்காலத்தில் இறந்துபோன உங்களை நினைத்துக்கொண்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பெங்களூருக்கு ரயிலேறிப் போகவேண்டிய நம் ஊரில், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருந்த நம் கம்பெனியின் மாடியறையிலும் இதே வாடைதான். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடி நிரம்பும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்ப்பது என் வேலை. இன்னும் பிறக்காத ஒரு மிக்சி மூடியை வெளிச்சமும் நிழலுமாக, கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றும்படி படமாக்குவது உங்கள் வேலை. நம் மெஷின்கள் இரண்டும் தளர்ந்துவிட்டன. புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும் என்றார் முதலாளி. அது கணக்குக்கு; படங்களைப் பெங்களூரில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். படப் பிரிவு என்பது நீங்கள் ஒருவர்தான். சொந்த ஊரான ஹனூரிலிருந்து குடும்பத்தை அழைத்து வந்து, அக்ரஹாரம் என்ற பகுதியில் வீடு பிடித்து, அப்போதுதான் பெண்ணைப் பள்ளியில் சேர்த்திருந்தீர்கள். எந்த மெஷின் என்று தேர்ந்து சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பெங்களூர்க் கடைக்காரர் இரண்டு பிராசசர் உள்ள மெஷினைப் புகழ்ந்தார். இரண்டு இருந்தால் வேகமும் இரண்டு மடங்கு என்றார். நீங்கள் அமைதியாகக் கேட்டீர்கள்: "ஏனுங்க, ஒருத்தர் போற சைக்கிள்ல இன்னொருத்தரையும் ஏத்திக்கிட்டா வேகமாப் போகுமுங்களா?"

விளம்பரத்தாளை நம்பாமல் சொந்த வேலையை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். என் கணக்கையும் உங்கள் படத்தையும் கொண்டுபோய் அந்தக் கடையிலேயே ஓட்டினோம். உங்கள் படம் ஒரே பிராசசரில் ஆகும் நேரத்தில் ஏறக்குறைய பாதியில் முடிந்தது. என் கணக்கின் வேகமோ கூடவில்லை. அந்த மென்பொருளுக்கு ஒரு பிராசசரைத்தான் ஆளத் தெரியும். மற்றது அதன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. கணக்குக்காக வாங்குவதென்றால் வேகமான ஒரே பிராசசர் போதும். அப்படி எழுதினால் உங்கள் நாற்காலி காலி.

திரும்பும் ரயிலில் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ராமநகரப் பாறைகள் தாண்டியதும் நீங்கள்தான் பேசினீர்கள். "பாத்ததை அப்படியே சொல்லிப்போடுங்க சார். எனக்காக ஒண்ணையும் வளைக்க வேண்டாமுங்க."

மறுநாள் முதலாளி கேட்டபோது தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கணக்கு ஒரு பிராசசரில், படம் இன்னொன்றில், இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும் என்றேன். அதற்கு ஒரு மெஷினில் இரண்டு பேர் எதற்கு என்றார் அவர். அப்போது என் வாயிலிருந்து வந்தது: "அவர் இல்லைன்னா அந்த மெஷின்ல பாதி சும்மா கெடக்கும், சார்." அவர் சிரித்துவிட்டு, "நோடோணா" என்றார். பார்க்கலாம், ஆனால் முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். நான் சொன்னதைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுபடியும் பெங்களூர். இரண்டு வேலைகளையும் சேர்த்து ஓட்டினோம். இரண்டுமே நொண்டின. தனித்தனியாக ஓட்டியிருந்தால்கூடச் சீக்கிரம் முடிந்திருக்கும். தெரியாமல் பேசி உங்களையும் நம்ப வைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். நீங்கள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தீர்கள்.

"இப்பத்தானுங்க சார் உங்க வேலையே ஆரம்பிக்குது. எங்க அடைக்குதுன்னு நிதானமாப் பாருங்க. நான் எங்கயும் போகல."

பார்த்தேன். ஹார்ட் டிஸ்கின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பிராசசர்கள் இரண்டும் ஓய்ந்து காத்திருந்தன. அப்படியானால் குறை அவற்றில் இல்லை. இரண்டு வேலைகளையும் ஒன்றாகப் பிடித்து வைக்க மெமரி போதவில்லை. இடம் இல்லாமல் எல்லாவற்றையும் டிஸ்கில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் வேறொரு மெஷினிலிருந்து மெமரியைக் கழற்றி இதில் பொருத்தினார். மறுபடி ஓட்டினோம். கணக்கு அதன் வழியில், படம் அதன் வழியில், ஒன்றையொன்று இடிக்காமல் ஓடின.

கூடுதல் மெமரிக்கு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும்படி நீங்களே சொன்னீர்கள். படத்தைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் அது, பழைய கார்டே போதும் என்றீர்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தப் பழைய கார்டு தத்தித் தத்தித் திருப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். உங்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

முதலாளி ஒப்புக்கொண்டார்; மெஷின் மாடியறைக்கு வந்தது. ஒரு கீபோர்டு, ஒரு நாற்காலி. காலையில் நான் கணக்கைத் தொடங்கிவிட்டு எழுந்துகொள்வேன். நீங்கள் உட்கார்ந்து படத்தைத் தொடங்குவீர்கள். பிறகு இருவரும் கீழே காபிக்குப் போவோம். எனக்கு ஒதுக்கிய பிராசசரில் உங்கள் படம் கொஞ்சம் கைவைத்தால் கண்டுபிடித்துவிடுவேன். "பக்கத்து எலைல இருந்து ஒரு வடைதானுங்க எடுத்தேன்" என்பீர்கள். நான் விடுப்பு எடுத்த நாட்களில் முழு இலையும் உங்களுடையது. அதனால் எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருப்பதாக அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள். உண்மையாகக் காய்ச்சல் வந்தபோது மாலையில் பழத்தோடு வந்து நின்றவரும் நீங்கள்தான்.

பள்ளியிலும் வீட்டிலும் வேலையிலும் என்னைப் பயந்தவன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் என்னால் ஓர் அடி வைக்க முடியாது; இந்த மடலைக்கூட மூன்று முறை திருத்திவிட்டேன். நீங்கள் ஒருவர்தான் அதற்கு வேலை என்று பெயர் வைத்தீர்கள். உங்கள் பிழைப்பு என் கையில் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும், ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள். பயம் எனக்குப் போகவில்லை. ஆனால் அது வரும்போது இப்போது நான் உட்கார்ந்துகொள்கிறேன்; எங்கே அடைக்கிறது என்று பார்க்கிறேன்.