கம்பத்துக்கு எர்த், கிணற்றுக்கு உப்பு

12-10-74, சனி
காலையிலேயே வானம் கறுப்பு. அக்காள் வீட்டுக் கொல்லையில் நான் நட்ட நாற்பதடி சவுக்குக் கம்பம், அகில உலகத்தோடும் நான் ஹாம் ரேடியோவில் பேசும் ராஜகோபுரம், இடியை வா வா என்கிறது. போன வருஷம் பக்கத்துத் தென்னை பிளந்தது. அக்காள் மகள் கஸ்தூரி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அக்காள் உத்தரவு: "வூட்ல புள்ளத்தாச்சி கீறா. மழைக்குள்ள அதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லாங்காட்டி நானே வெட்டிப் போடுவேன்."

கம்பம் போனால் நான் யார்? வெறும் மாமா.

13-10, ஞாயிறு
இடியை மண்ணுக்குள் இறக்க எட்டடியில் எர்த் குழி. சதுரங்கப்பட்டினத்து மணல் அகத்தியர் மாதிரி தண்ணீர் குடிக்கிறது. குழாய் இறக்கி, செம்புக் கம்பி கட்டி, கரண்ட் லைனுக்கும் அதற்கும் நடுவே நூறு வாட் பல்பு மாட்டிப் பார்த்தேன். எர்த் சரியாயிருந்தால் பளிச்சென்று எரிய வேண்டும். இதைப் பார்த்து மின்மினி சிரிக்கும். இந்த லட்சணத்தில் இடி விழுந்தால் மண்ணுக்குள் போகாது. ஏரியல் கம்பி வழியே என் மேசை ரேடியோவுக்கு வரும். அங்கிருந்து கஸ்தூரி கட்டிலுக்கு.

14-10, திங்கள்
குழியில் கரி, உப்பு, கரி, உப்பு. உப்பு மட்டும் மூன்று மூட்டை. மாமல்லபுரம் வரை கடல் இனி சப்பென்றிருக்கும். இருபது குடம் தண்ணீர். பல்பா அது, சூரியன்!
"மாமா, கண்ணு கூசுது" என்றாள் கஸ்தூரி. ஜென்மம் சாபல்யம்.

19-10, சனி
நாலு நாள் மழை, நல்லவேளை இடியில்லை. ஆனால் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. தெருவுக்கே இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். குழியிலிருந்து ஏழடி. அளந்தேன். திரும்ப அளந்தேன். ஏழடியேதான்.

குடத்தோடு வந்த செல்லம்மா (கட்டுமரக்கார முனுசாமி பெண்சாதி): "இன்னா அண்ணாத்த, கெணத்துல கருவாடு ஊறப் போட்டுகினு கீறியா?"

பெண்கள் டச்சுக் கோட்டைக்கு அந்தப் பக்கம் குடம் தூக்கி நடக்கிறார்கள். ஊரே என்னோடு டூ.

20-10, ஞாயிறு
விடிந்ததும் உப்பையெல்லாம் தோண்டி எறிந்தேன். பல்பு செத்தது. பத்து மணிக்குச் செய்யூர்ப் பக்கம் இடி உறுமல். கஸ்தூரிக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி உள்ளே. கம்பத்தை இறக்க வேண்டும், இப்போதே. கயிறு பிடிக்க நாலு ஆள். முனுசாமியையும் அவன் தம்பிகளையும் விட்டால் யார்?

போனேன். சொன்னேன். செல்லம்மா நேற்று எடுத்துப்போன எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். "மொதல்ல குடி."

குடித்தேன். முழுச் செம்பும்.

முனுசாமி கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். "வா வா, ஓடு."

கம்பம் படுத்துவிட்டது. வெட்டிய ஏரியல் கம்பி சேற்றில். கடற்கரையில் இடி, ஜன்னல் அதிர்கிறது. உள்ளே கஸ்தூரி கத்துகிறாள். கத்து அம்மா, இடியைவிட ஓங்கிக் கத்து.