அண்ணியின் கருமாதிக்கு ஆடு வெட்டவில்லை

ஆடு வெட்டாமல் நான் வழியனுப்பி வைத்த என் அண்ணி கோவிந்தம்மாளுக்கு,

முந்தாநாள் உன் கருமாதி. நேற்று கவிச்சிச் சாப்பாடு. இரண்டும் முடிந்துவிட்டன. நீ சொன்னபடியே ஆடு வெட்டவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உனக்குப் படிக்கத் தெரியாது, எனக்கும் எட்டாவதோடு சரி. பரவாயில்லை, உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும்.

பதினாறு நாள் மீன்கூடச் சேர்க்காமல் இருந்துவிட்டு, மறுநாள் பங்காளிகளுக்கு ஆட்டுக்கறி போட்டால்தான் துக்கம் கழிந்தது என்பது நம் குப்பத்து வழக்கம். அதுவரை அண்ணன் வலையைத் தொடக்கூடாது. அந்தச் சாப்பாட்டில் மீன் செல்லாது. மீன் நமக்குத் தினப்படிச் சோறு, கறிதான் மரியாதை. இந்த மரியாதையோடுதான் நீ வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றாய்.

மெட்ராசில் ஜனம் லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நமக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் ஏரி, குடிக்க மட்டும் மணலில் தோண்டிய ஒரே ஊற்று. கொட்டாங்குச்சியால் வழித்து வழித்து ஒரு குடம் நிரம்ப அரை நாள் ஆகும். நமக்குப் பதில் நம் குடங்கள் வரிசையில் நிற்கும். அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பெரியவர், தன் வீட்டுக் கல்யாண விருந்துக்காகக் காட்டூரிலிருந்து ஆறு ஆடுகளைத் தோணியில் ஏற்றிவந்து கட்டினார். ஆடுகளுக்கான குடங்கள் வரிசையின் தலைப்பில் வந்து நின்றன. அவற்றைத் தூக்கிவந்து வைத்தவர் அவர் சம்சாரம் அலமேலு அக்கா. புருஷன் சொன்னதைச் செய்தார், பாவம்.

நீ நேராகப் போய் அந்தக் குடங்களை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாய். "ஒரு வேள துன்றதுக்கு ஒரு மாசம் தண்ணி காட்டணுமா? ஆட்ட குத்தம் சொல்லல. அதுக்கும் தாகம்தான். கொண்டாந்து கட்டினவங்களத்தான் கேக்கறேன்," என்றாய். மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஊர்க்கூட்டம் கூடியது. "இன்னாத்துக்கு?" என்று கேட்டாய். அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச காலம் கழித்து, பொன்னேரிக்குக் கருவாடு விற்கப் போனவள் ஒரு பை நிறையப் பழுப்பு உருண்டைகளோடு திரும்பினாய். சோயா என்று ஒரு பயறாம், எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற மாவில் செய்கிறார்களாம், மீல் மேக்கர் என்று பேராம், கறிக்குப் பதிலாம். "பயிருக்கு மட்டும் தண்ணி வேணாமா?" என்று அண்ணன் கேலி செய்தார். "வேணும்யா. ஆனா பயற ஆட்டுக்குப் போட்டு, அதுக்குத் தண்ணியும் காட்டி, அப்பால ஆட்ட துன்றதுக்குப் பதிலா, பயறயே நாம துன்னுட்டா எவ்ளோ மிச்சம்? யோசிச்சுப் பாரு," என்றாய். அண்ணன் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

முதல் சமையலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காய்ந்த சாமான் என்றால் உப்புப் போட்டுக் காயவைத்ததாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஊர் நம்முடையது. உப்பு போகட்டும் என்று நீ அந்த உருண்டைகளை மூன்று தண்ணீரில் அலசினாய். கருவாட்டைப் போலச் சட்டியில் வாட்டினாய். குழம்பில் ஒரு கல் உப்புப் போடவில்லை. அண்ணன் ஒன்றை மென்று பார்த்து, "இன்னாம்மே இது, தோணி இடுக்குல அடைக்கிற பஞ்சா?" என்றார். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் நீ. பிறகு வெந்நீரில் ஊறவைத்துப் பிழியவும், பட்டையும் சோம்பும் தேங்காயும் அரைத்துவிடவும் கற்றுக்கொண்டாய். உப்பு மட்டும் உனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஐந்தே நாள் காய்ச்சல். ஏன் அண்ணி உனக்கு அவ்வளவு அவசரம்? மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குனு ஆடு கட்டாதீங்க. ஊத்து வத்திக் கெடக்குது. அந்த உருண்டக் கறிய நீ ஆக்கிப் போடு," என்றாய். பேசுகிற பேச்சா இது என்று உன்னைத் திட்டினேன். அதை நினைத்துத்தான் இன்னும் அழுகிறேன்.

விஷயம் தெரிந்ததும் பெரியவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆடு இல்லன்னா பங்காளிங்க கை நனைக்க மாட்டாங்க. அடுத்த வாரம் ஏரியில உன் மொற வருது. துக்கம் கழியாதவனுக்கு மொற கெடையாது," என்று அண்ணனிடம் சொன்னார். ஏரியில் வலைபோடும் முறை ஒரு தடவை தவறினால் மறுபடி வர எத்தனை நாள் ஆகும், அதுவரை உலை எப்படிக் கொதிக்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியாததா? அவர் போனதும் அண்ணன் மெல்ல, "மசாலாவ தூக்கலா போட்டுடு. ஆட்டுக்கறினு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அண்ணி எதையும் மூடிவெச்சி செஞ்சதில்ல. மறைச்சுதான் போடணும்னா, நீயே போயி ஆடு வாங்கியாந்து வெட்டிக்கோ," என்றேன். அண்ணன் ஆடு வாங்கப் போகவில்லை.

நேற்று ஆண்களை முதல் பந்தியில் உட்காரவைத்து நானே பரிமாறினேன். "இது ஆடு இல்ல. மீல் மேக்கர். அண்ணி கேட்டது. இஷ்டம் இருக்கறவங்க சாப்புடுங்க," என்று உரக்கச் சொன்னேன். ஒரு கையும் இலைக்கு இறங்கவில்லை. இரண்டு பங்காளிகள் எழுந்தே போய்விட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வாளியை நான் கீழே வைக்கவில்லை.

அப்போது அலமேலு அக்கா அடுப்படியிலிருந்து வந்து, எழுந்துபோனவர்களில் ஒருவரின் காலி இடத்தில் உட்கார்ந்தார். ஆண்கள் பந்தியில், புருஷனுக்கு எதிரில். "போடு," என்றார். போட்டேன். பிசைந்து ஒரு வாய் தின்றார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. நிதானமாக விழுங்கிவிட்டு, "உப்பு சரியா கீது. கோவிந்தம்மா ஆக்கியிருந்தா கொறஞ்சிருக்கும்," என்றார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு கையாக இறங்கியது. இன்னொரு காலி இடத்திலும் ஊற்று வரிசைக்காரி ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் உருண்டையைத் தொடவில்லை, ரசம் மட்டும் கேட்டார். தாராளமாக ஊற்றினேன். உன் வீட்டில் கை நனைத்தாயிற்று அல்லவா, இனி முறை இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. இன்று காலை அண்ணன் வலையை எடுத்து வெயிலில் விரித்துப் பிரித்துப் பார்த்தார். அந்த உருண்டையில் மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்டார்.

ஊர் திருந்திவிட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். எழுந்துபோன இரண்டு பேரும் இன்று என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியவர் ஆடித் திருவிழாவுக்குக் காட்டூரில் ஆடு சொல்லிவைத்திருக்கிறாராம். சொல்லட்டும். குடங்களை எங்கே எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உன் குடம் என்னிடம்தான் இருக்கிறது. நாளை முதல் தினமும் அதை வரிசையில் என் குடத்துக்கு முன்னால் வைப்பேன். அதில் நிரம்புகிற தண்ணீர் அன்றைக்குக் கடைசியில் நிற்பவளுக்கு. விருந்து ஆட்டுக்காக யாராவது வந்து அந்தக் குடத்தை நகர்த்தச் சொன்னால், நீ கேட்டதையே நானும் கேட்பேன். இன்னாத்துக்கு?

உன் பின்னால் குடம் வைத்துக் காத்திருந்த நாத்தனார்,
மல்லிகா