மைக்கேல் ஐயாவின் இரும்புத் தொப்பியில் பச்சையும் பழுப்பும்

ஜூலை 5, சனி

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை.

ராயப்பன்பட்டியிலிருந்து அருள்மேரி டீச்சர் வந்தார். மடியில் துண்டு சுற்றிய இரும்புத் தொப்பி. மாமனார் மைக்கேல் பர்மா சண்டை முடிந்து கொண்டுவந்தது. தட்டைக் கவிழ்த்தது போல இருக்குமே, அந்த பிரிட்டிஷ் வகை. மேலே பச்சையும் பழுப்புமாக மறைப்பு வண்ணம்.

பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்க ஆசை. அதற்குள் சின்ன மாமனார் செபஸ்தியான் எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாராம்.

"'பட்டாளத்துப் பெயிண்டு இல்லத்தா, எங்கண்ணன் வீட்டுல வச்சு அடிச்சது, நான் கண்ணால பாத்தேன்'னு மாமா சொன்னாக. இத்தன வருசமாப் பிள்ளைகளுக்கு இதத்தான் காட்டிட்டு வந்திருக்கேன் மேடம். பொய்யின்னா நிப்பாட்டிரணும். நீங்க பாத்துச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் டீ கொடுத்துக்கொண்டே, "காலேஜ்ல கெமிஸ்ட்ரி பாடம், வீட்ல பட்டாளத்துத் தொப்பி சேக்குற வேல. இவகிட்ட இருக்கிற தொப்பிக்கு எங்க வீட்ல தல பத்தாது டீச்சர்" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை.

வாங்க வேண்டியது: அசிட்டோன், பஞ்சு, முட்டை.

ஜூலை 6, ஞாயிறு

கொஞ்சம் வெயில். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன்.

நல்ல செய்தி இல்லை. துருப்பிடித்த குழிகளுக்குள்ளும் பெயிண்ட் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் துரு முதலில், பெயிண்ட் பிறகு. வார் மாட்டும் வளையத்தின் மேலும் பூசியிருக்கிறது. நகத்தால் கீறினால் சுருளாக வருகிறது. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமல்.

அசிட்டோன் பஞ்சால் ஓரத்தில் மெல்லத் துடைத்தேன். பச்சைக்குக் கீழே வெள்ளி நிறம்! பளபளவென்று. டீச்சருக்குப் போன் போட்டேன்.

"ஆமா மேடம். அப்பல்லாம் ஈஸ்டருக்கு ஏசு பாடுபட்ட கதைய பாஸ்கா நாடகமாப் போடுவாக. ஒரு வருசம் ரோமைச் சேவகருக்கு இதத்தான் வெள்ளி அடிச்சு மாட்டிவிட்டாகளாம்."

செபஸ்தியான் சொன்னது சரி. சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். "சரி மேடம். பிள்ளைககிட்ட நானே சொல்லிர்றேன்."

அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை. எனக்கு வராது இந்தத் தைரியம். என் அலமாரியில் இரண்டு தொப்பி சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கின்றன, இன்னும் சோதிக்காமல்.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் வகுப்பு இல்லை. மனசு கேட்காமல் தொப்பியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். முன்பே பெயர்ந்திருந்த இடங்களை மட்டும் லென்ஸில் பார்த்தேன்.

வெள்ளிக்கும் அடியில் இன்னொரு பச்சை!

மங்கல் பச்சை. ஊசி முனை பட்டதும் பொடியாக உதிர்கிறது. உள்ளே மணல். வெயிலில் மின்னக் கூடாதென்று பட்டாளத்தில் கலப்பது. துரு இரும்பிலிருந்து இதைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. இது பழசு. சந்தேகமே இல்லை.

அதைவிடப் பெரிது: மேலே பழுப்பு இருக்கும் இடத்தில் அடியிலும் பழுப்பு. மேலே பச்சையென்றால் அடியிலும் பச்சை. நெற்றிப் பக்கம் இரண்டு நிறமும் சந்திக்கிற கோட்டின் மேலேயே பெயிண்ட் பெயர்ந்த இடம் ஒன்று. அங்கேயும் கோட்டின் மேல் கோடு. நடுவில் கெட்டியாக வெள்ளி. அதைத் தாண்டி அடியில் இருந்த கோடு தெரிந்திருக்காது. மனுஷன் மனசில் வைத்தே போட்டிருக்கிறார். கடைத் தூரிகை, கதவு பெயிண்ட். என்ன கை!

ஆய்வகத்தில் தனியாக நின்று "யா அல்லாஹ்" என்றேன், சத்தமாகவே.

ஜூலை 12, சனி

காற்று. பஸ்ஸில் ஜன்னல் மூட முடியவில்லை. ராயப்பன்பட்டி.

அருள்மேரி வீட்டில் செபஸ்தியானும் இருந்தார். எண்பதைத் தாண்டியவர், கண் நன்றாகத் தெரிகிறது. லென்ஸைக் கையில் கொடுத்துச் சொன்னேன்: "ஐயா, நீங்க சொன்னது நெசம். மேல உள்ளது வீட்டுல அடிச்சது. ஆனா அடியில பட்டாளத்துப் பெயிண்டு இருக்கு. ரெண்டும் ஒரே கோடு."

அவர் வெகுநேரம் பார்த்தார். அருள்மேரி பக்கத்தில் நின்றார்.

"நாடகம் முடிஞ்ச மறுநா அண்ணன் பெயிண்டோட உக்காந்துட்டாக. எதையும் பாத்து அடிக்கல. நாந்தான் டப்பாவப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். 'வெள்ளியே நல்லாத்தான இருக்கு, எதுக்குண்ணே?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாக மாமா?" அருள்மேரி.

"'இந்தக் கோடு நான் போட்டதில்லடா. போட்டவன் பர்மா மண்ணுலயே கிடக்கான்'னு சொன்னாக. அம்புட்டுத்தான். நான் சின்னப் பய, எனக்கு என்ன வெளங்கும்? பெயிண்டு அடிச்சத மட்டும் பாத்தேன்."

அருள்மேரி அப்போதுதான் அழுதார்.

பஸ்ஸுக்கு நேரமாகி எழுந்தேன். செபஸ்தியான் தொப்பியைக் கீழே வைக்கவில்லை. நெற்றிப் பக்கத்துக் கோட்டில் கட்டைவிரல், மெல்ல, போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.