இரண்டாம் படகுக்கு வந்த உத்தரவு

பிப்ரவரி 4

சங்கத்துக்கு முப்பது வயது ஆகிறதாம். விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலை செயலாளர் என்ற முறையில் என் தலையில் விழுந்திருக்கிறது. முன்னாள் படைவீரர் சங்கத்தில் எழுதினால் படிக்க முடிகிற கையெழுத்து என்னுடையது மட்டும்தான் என்று தலைவர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் மேஜர் என்பார்கள். மேஜருமில்லை, ஒன்றுமில்லை; மீசைக்குக் கிடைத்த பதவி. பட்டாளத்தில் நாங்கள் இருவரும் ஒரே கூடாரம்.

முதல் பக்கம் முடிந்தது. சைக்கிள் கடையின் பின்னறை, ஒரு பெஞ்சு, ஏழு பேர். ஓய்வு பெற்று வந்து, மனைவி வேலையில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்த ஏழு பேர் — இந்த வரியை அடிக்கச் சொல்வார்கள். அடிக்க மாட்டேன்.

பிப்ரவரி 11

ரத்ததானம், ஆம்புலன்ஸ், பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் — எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக ஓடி வந்தது. வெள்ளம் வந்த வருடத்தில் பேனா நின்றுவிட்டது.

சங்கத்தின் நாலாவது வருடம் அது. இரண்டு படகுகளை வைத்துக்கொண்டு முந்நூறு பேரைக் கரை சேர்த்தோம். என் தம்பி மட்டும் திரும்பவில்லை. இரண்டாம் படகு அவனுடையது. உத்தரவில்லாமல் பாலத்தைத் தாண்டிப் போனான் என்று சங்கம் விசாரித்து முடிவு சொன்னது. வயர்லெஸ் பதிவேடு தண்ணீரோடு போய்விட்டது என்றார் மேஜர்; அன்றும் அவர்தான் தலைவர். எழுத்தில் இல்லாத உத்தரவு உத்தரவே இல்லை. பட்டாளத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான்.

கூடத்தில் நினைவுப் பலகை வைத்தபோது, பணியில் இறந்தவர் வரிசையில் அவன் பெயர் வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவன் நான். சொந்தத் தம்பி என்பதற்காக விதியை வளைப்பதா? எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். தம்பி மனைவி அதோடு என் வீட்டு வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 19

போன மாதம் இறந்துபோன எங்கள் குமாஸ்தாவின் வீட்டுக்குப் போனேன். வெள்ளத்தின்போது வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து எழுதியவர் அவர்தான். பழைய காகிதம் ஏதாவது இருக்குமா என்று கேட்டதும், அவர் மனைவி ஒரு தகரப் பெட்டியை இழுத்து வைத்தார்.

"இதை யாரையும் தொட விடமாட்டார். உங்களைக் கண்டா மட்டும் ஏனோ உள்ள போயிடுவார்" என்றார்.

பெட்டியின் அடியில் பதிவேடு இருந்தது. தண்ணீரோடு போனதாகச் சொன்ன அதே பதிவேடு. ஒரு ஈரக்கறைகூட இல்லை.

மாலை 4.20 — இரண்டாம் படகு பாலம் தாண்டிப் போகவும். தலைவர்.
4.25 — கயிறு இல்லை, நீர் வேகம் அதிகம், போக முடியாது. படகு 2.
4.27 — போ. இது உத்தரவு. தலைவர்.

அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 20

மூன்று வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். முடியாதுன்னு சொல்லியிருக்கான். சொல்லியிருக்கானே.

பிப்ரவரி 22

மேஜர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதை எரிக்கச் சொல்லியிருந்தேனே" என்றார். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அதுதான்.

"அன்னைக்கு வெளிய தெரிஞ்சிருந்தா சங்கத்தை இழுத்து மூடியிருப்பாங்கடா. அப்புறம் ஏது ஆம்புலன்ஸ்? எத்தனை உசுரு பொழைச்சிருக்கு, நீயே யோசி."

"அதுக்கு என் தம்பிதான் கெடைச்சானா?"

"சொன்னா நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல."

என்ன கரிசனம்! வருடாவருடம் தம்பி போன நாளில் வீடு தேடி வந்து, தோளில் கை போட்டு, "விடுடா, அவன் அவசரக்காரன்" என்று ஆறுதல் சொன்ன மனிதர். என் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றவர். கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பறித்த குழியில் என்னையே மண் தள்ள வைத்திருக்கிறார்.

பதிவேட்டின் மூன்று வரிகளையும் அப்படியே வரலாற்றில் எழுதி அச்சகத்தில் கொடுத்தேன்.

மார்ச் 14

மலர் வந்துவிட்டது. வழவழப்பான அட்டை. பதினேழாம் பக்கத்தில், "உத்தரவுக்குக் காத்திராத ஆர்வத்தால் உயிரிழந்தார்" என்று இருக்கிறது. கீழே என் பெயர்.

அச்சகக்காரரிடம் கேட்டேன். "மேஜர் சார் வந்து மாத்திக் குடுத்தாருங்க. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாரே" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அதுவும் என் கையாலேயே பரிமாறி.

விலகல் கடிதம் எழுதியாயிற்று. இரண்டே வரி.

மார்ச் 16

பதிவேட்டை எடுத்துக்கொண்டு தம்பி மனைவி வீட்டுக்குப் போனேன். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே உட்காரச் சொன்னாள். மேஜர் செய்த துரோகத்தை ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"இதைத்தானே மாமா அன்னைக்கே சொன்னேன்?" என்றாள். "நான் கரையிலதான் நின்னேன். 'கயிறு இல்லன்னு சொல்லிட்டேன், மேஜர் போயே ஆகணுங்கிறார்'னு சொல்லிட்டுத்தான் படகுல ஏறினார். சாயங்காலம் நீங்க வந்ததும் உங்க கையைப் புடிச்சுச் சொன்னேன். நீங்க என்ன கேட்டீங்க?"

ஞாபகம் இருந்தது. எழுத்துல இருக்கா என்று கேட்டேன்.

"மேஜர் யாரோ எவரோ. நீங்க கூடப் பொறந்த அண்ணன்."

தம்பி மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போனபோது ஐந்து வயது. இப்போது மருத்துவமனையில் நர்ஸ்.

"அம்மா புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்கன்னு எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க, பெரியப்பா?"

நிறையப் பேரிடம் என்றேன்.

"அவங்ககிட்ட எல்லாம் போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

தண்ணீர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். மேஜர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்னை மறைத்துக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 17

காலையிலிருந்து யோசித்து யோசித்து எழுதினேன். நாற்பத்தோரு பெயர். இன்னும் இருக்கும்.

மார்ச் 29

இன்று விழா. கூடத்து ஒலிபெருக்கி தெருமுனை வரை கேட்டது. நான் சலூனில் இருந்தேன். "இப்ப எதுக்கு சார் அந்தப் பழைய கதை?" என்று சலூன்காரர் கேட்டார். பழைய கதையை நான் தப்பாகச் சொல்லியிருந்தேன் என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அடுத்து மருந்துக்கடைக்காரர், பிறகு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று பெயர்களையும் அடித்தேன். இதோடு இருபத்தாறு.

பட்டியலில் ஒன்பது பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் என் தம்பியைப் பற்றி நான் சொன்னதை நம்பிக்கொண்டே போய்விட்டார்கள். அந்தப் பெயர்களை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.